குல்லா இல்லைங்க, தொப்பி!

மனிதர்களில் சிம்பிள்காரர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆடம்பரம் பிடிக்காது என்பார். அதை ஆடம்பரமாகச் சொல்வார். தேய்த்த சட்டையைப் போட்டால் தேய்த்தது தெரிந்துவிடுமே என்று, முதலில் தேய்த்து, பிறகு கசக்கி, கசங்கல் தானாக விழுந்தது மாதிரி இருக்கிறதா என்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, இடது கையில் கொஞ்சம் கூடிப்போய்விட்டதே என்று மறுபடி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குகிற ஆசாமி அவர். அலங்காரம் செய்துகொள்கிறவர்களோடு வெளியே கிளம்பினால் கொஞ்சம் தாமதமாகும். அலங்காரமே செய்துகொள்ளாத இவர்களோடு கிளம்பினால்? கட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ரகத்தை மொத்தமாகப் பிடித்து ஆராய எனக்குத் தெம்பில்லை. ஒரே ஒருவரைக் காட்டுகிறேன். மற்றவர்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

நம்மவர் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. ஆனால் மூக்கில் மாட்டுகிற கண்ணாடியை விற்க வேண்டுமென்றால் முகம் பார்க்கிற கண்ணாடி சுவரெல்லாம் வேண்டியிருக்கிறதே, அங்கேதான் வம்பு. கடை திறந்தது முதல் ஷட்டர் இறங்கும் வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிகிற உத்தியோகம். வேறு யாருக்காவது ஒரு மாதத்தில் சலித்துப்போயிருக்கும். இவருக்கு வருஷக்கணக்காகச் சலிக்கவில்லை. தொழிலில் கெட்டிக்காரர், அதை மறைக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் உறுத்துகிற கம்பியைச் சூடு காட்டி லேசாக வளைத்து, கண்ணாடியை மூக்கின் மேல் உட்காரவைத்து, “இப்போ பாருங்க” என்று கைப்பிடி வைத்த கண்ணாடியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். வந்தவருக்கே தன் முகத்தின் மேல் ஒரு மரியாதை வரும்.

அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில் கைபேசி அவருக்கு ஒரு வீடியோவைக் காட்டியது. யாரோ ஒரு இளைஞன், ஒரே தொப்பியை ஏழு விதமாகப் போட்டுக்கொண்டு ஏழு இடத்துக்குப் போகிறான். ஏழு இடத்திலும் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நம்மவர் அதை மூன்று தடவை பார்த்தார். அன்றைக்கே சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கிவந்துவிட்டார். பருத்தி நூலில் பின்னியது. விளிம்பு கிடையாது, எழுத்து கிடையாது, பொத்தான் கிடையாது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

அவர் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். அந்தம்மாள் அதைக் கையில் வாங்கி இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.

“குல்லா எதுக்குங்க இப்போ?”

“குல்லா இல்ல, தொப்பி.”

“எங்க வார்டுல பொறந்த குழந்தைக்கெல்லாம் இதைத்தான் போடுறோம். அதுங்களுக்குக் கொஞ்சம் சின்ன சைஸ்.”

“அது வேற. இது எல்லாத்துக்கும் போகும். சிம்பிளா இருக்கும், ஆனா ஏதோ ஒண்ணு சொல்லும்.”

“என்ன சொல்லும்?”

நம்மவர் யோசித்தார். “அது... போடுறவங்களைப் பொறுத்தது” என்றார். நர்ஸம்மாள் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போனார். குழந்தைகள் இவ்வளவு பேசுவதில்லை.

அன்று தொடங்கியது. காலையில் பீரோக் கண்ணாடி முன்னால் நிற்பார். கடைக்குப் போவதற்கு ஒரு மடிப்பு. மடிப்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், ஒரு விரல் இறங்கினால் திருடன், ஒரு விரல் ஏறினால் சமையல்காரன் என்பது அவருடைய சித்தாந்தம். விடுமுறை நாளில் மடிப்பே கூடாது. பின்பக்கம் சரிந்து தொங்க வேண்டும், அதுவும் கவனிக்காமல் விட்டதால் தொங்குவது போலத் தொங்க வேண்டும். விருந்துக்குப் போனால் உச்சியில் ஒரு குவியல். துக்க வீட்டுக்கு? அதற்கும் வைத்திருந்தார். குவியலை அமுக்கிவிட்டு, முன்பக்கத்தை லேசாக இறக்கி, கண்ணில் ஒரு நிழல் விழும்படி பார்த்துக்கொள்வார். செத்தவர் யார் என்று கேட்பதற்கு முன்னால் நிழல் விழுகிறதா என்று பார்ப்பார். எந்த விதமாகப் போட்டாலும் ஒரு விதி மட்டும் மாறாது: காது வெளியே இருக்க வேண்டும். காது மறைந்தால் வயது கூடிவிடும். இதை யார் கண்டுபிடித்தது? அவரேதான்.

இவ்வளவும் முடிந்து தெருவில் இறங்கி, எதிர்வீட்டுக்காரர் “என்ன சார், புதுசா ஸ்டைலெல்லாம்?” என்று கேட்டுவிட்டால், தலையைத் தடவிப் பார்த்து, “இதுவா? கைக்குக் கிடைச்சதை மாட்டிக்கிட்டு வந்தேன்” என்பார். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம் ஒரு சொட்டும் இருக்காது. அந்தக் கணத்தில் அவரே அதை நம்பினார்.

கொழுந்தியாளின் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போட்டோக்காரர் “ரெடி” என்ற போதெல்லாம் இவர், “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்” என்று உச்சியைச் சரிசெய்தார். கடைசியில் எடுத்த படத்தில் மாப்பிள்ளைக்குக் கண் மூடியிருக்கிறது, மாமனார் வேறு எங்கோ பார்க்கிறார், கல்யாணப் பெண் யார் மேலோ கோபமாக இருக்கிறாள். தொப்பி அற்புதமாக விழுந்திருக்கிறது.

இதெல்லாம் அவரோடு நின்றிருந்தால் உலகத்துக்கு என்ன வந்தது? சிம்பிள்காரர் தன்னோடு நிற்கமாட்டார். ஒரு தடவை, தூரத்து போர்டு மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு லாரி டிரைவர் கடைக்கு வந்தார். பாவம், வேலைக்கு நடுவில் வந்தவர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்திருந்தார். பவர் பார்த்தாயிற்று. பிரேமை மாட்டிப் பார்க்கும் நேரத்தில் நம்மவர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க முகத்துக்குக் கண்ணாடி மட்டும் போதாது.”

“ஏன் தம்பி, பவர் ஜாஸ்தியா?”

“பவர் இல்லைங்க. நெத்தி பெருசா இருக்கு. ஒரு சிம்பிளான தொப்பி போட்டீங்கன்னா, இப்படி ஒரே ஒரு மடிப்பு...” என்று தன் தலையிலிருந்து கழற்றி அவர் தலையில் மாட்டியேவிட்டார்.

டிரைவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். “எனக்கு போர்டு தெரிஞ்சாப் போதும் தம்பி. போர்டு என்னைப் பாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தார்.

கடை முதலாளி உள்ளேயிருந்து இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். “நாம கழுத்துக்கு மேல, நெத்திக்குக் கீழதான் வியாபாரம் பண்றோம். அந்த எல்லையை மட்டும் தாண்டாதீங்க” என்றார். நம்மவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஏறுவதற்கு வழியை அடைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்ததே.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்காவுக்கு உடம்புக்கு வந்தது.

அக்கா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியமும் இருந்ததில்லை. குரலை உயர்த்தாமலே ஒரு வகுப்பை அடக்குகிற மனுஷி. மார்பில் கட்டி என்றார்கள், அறுவை சிகிச்சை செய்தார்கள், மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அந்த மருந்தில் முடி கொட்டியது. முதலில் கொத்துக் கொத்தாக, பிறகு மொத்தமாக, கடைசியில் புருவமும்.

நர்ஸம்மாளும் மகளும் மாற்றி மாற்றிப் போய்க் கூட இருந்தார்கள். தம்பி போகவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றார். பிறகு தனக்குச் சளி என்றார், “அவளுக்குத் தொத்திக்கிட்டா என்ன பண்றது?” என்று போனில் இரண்டு தடவை தும்மியும் காட்டினார். உண்மை என்னவென்றால், அவருக்குப் பயம். அவருக்குத் தெரிந்த அக்கா, இறுக்கி முடிந்த கொண்டையும் அதில் ஒரு பென்சிலுமாக இருப்பவர். அது இல்லாத ஒரு முகத்தின் முன்னால் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் அவரிடம் தொப்பி இருந்தது. இந்தச் சந்தர்ப்பத்துக்கு முகம் இல்லை.

ஒரு நாள் மகள் அத்தை வீட்டிலிருந்து திரும்பிவந்து, “அத்தைக்குத் தலை ரொம்பக் குளிருதாம்ப்பா” என்றாள்.

நம்மவர் காதில் ‘தலை’ மட்டும் விழுந்தது. முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டது. இத்தனை நாளாக அங்கே போவதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் அல்லவா? தனக்கு வாங்கிய அதே கடைக்குப் போய், பச்சையை எடுத்து, வைத்து, நீலத்தை எடுத்து, வைத்து, கடைக்காரப் பெண்ணின் பொறுமையைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, திராட்சை நிறத்தில் ஒன்று வாங்கிவந்தார்.

“அப்பா, ஒண்ணு சொல்றேன், கேளுங்க” என்றாள் மகள். “அத்தை இப்போ கண்ணாடியே பாக்கறதில்ல. பாத்ரூம் கண்ணாடி மேலகூட ஒரு துண்டைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. நீங்க போய் அங்க ஏதாவது...”

“சரிம்மா, சரிம்மா” என்றார் அப்பா. திராட்சை நிறத் தொப்பியைத் தன் தலையிலேயே மாட்டி, சரிவு பார்த்துக்கொண்டிருந்தார்.

போனார். அக்கா கட்டிலில் தலையணையைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு பழைய துப்பட்டா சுற்றியிருந்தது. ஆள் பாதியாகிப்போயிருந்தார். பார்வை மட்டும் முழுசாக இருந்தது.

“வாடா. வழி ஞாபகம் இருந்துச்சா?”

“கடையில ஸ்டாக்கு...”

“தெரியும். தும்மினதையும் கேட்டேன். உக்காரு.”

உட்கார்ந்தார். ‘எப்படி இருக்கேக்கா’ என்று கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் கேட்டால் பதில் வருமே. அதனால் அவசர அவசரமாகப் பையைத் திறந்து தொப்பியை வெளியே எடுத்தார். எடுத்ததும் வாய் தானாக ஓட ஆரம்பித்தது. “சிம்பிளா இருக்கும்க்கா. எல்லாத்துக்கும் போகும். ஆஸ்பத்திரிக்குப் போறப்போ ஒரு மடிப்பு. யாராவது பாக்க வந்தாங்கன்னா லேசா பின்னால தள்ளிவிட்டுக்கோ, ரொம்பப் பிரமாதமா இருக்கும். சாயந்திரம் வாசல்ல உக்காரும்போது...”

அக்கா துப்பட்டாவை அவிழ்த்தார்.

ஓடிக்கொண்டிருந்த வாய் நின்றது. ஒரு கணம்தான். பிறகு தலைகுனிந்துகொண்டு தொப்பியை மாட்டிவிட்டார். மாட்டியதும் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. முன்பக்கம் ஒரு மடிப்பு. இடப்பக்கம் கொஞ்சம் சரிவு. இரண்டு காதும் வெளியே. ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தார். திருப்தி. அடுத்து அவர் செய்ததை அவர் செய்தார் என்று சொல்லக் கூடாது, அவருடைய தொழில் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்: பைக்குள் கையை விட்டு, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கைப்பிடிக் கண்ணாடியை எடுத்து, அக்கா முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இப்போ பாருங்க” என்றார்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நர்ஸம்மாள் குழாயை நிறுத்தினார்.

அக்கா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திராட்சை நிறத்தில் ஒரு சரிவு, அதற்குக் கீழே புருவமில்லாத ஒரு நெற்றி, அதற்குக் கீழே தன் முகம். நிதானமாக, ஒரு கணக்கை மேலிருந்து கீழாகச் சரிபார்ப்பது போலப் பார்த்து முடித்தார். பிறகு தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணாடியை மெல்லத் திருப்பி, அவர் முகத்துக்கு நேராக வைத்தார்.

“இப்படிப் பிடிடா. நீ பாக்க வந்த ஆளு அந்தப் பக்கம்தான் இருக்காரு.”

நம்மவர் கண்ணாடிக்குள் பார்த்தார். சாம்பல் நிறத் தொப்பியோடு ஒருவர் இருந்தார். அவமானத்தில் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. காதுதான் வெளியே இருக்கிறதே. எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது அவருக்கு. அப்படி இருக்கும்போதே, கடவுளே, அந்தத் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்து மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தது. பழக்கதோஷம். அக்கா அதையும் கவனித்துவிட்டார். சிரித்தார். சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கும், வலித்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தார்.

சிரித்து முடித்து, இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து, மடிப்பு, சரிவு எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, ஒரே இழுப்பாகக் காதுக்குக் கீழே கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அப்பாடா. இப்பத்தான் சூடு வருது.”

“காது தெரியணும்க்கா, இல்லன்னா வயசு...”

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

“குளிருதுடா. எழுந்து அந்த ஜன்னலைச் சாத்து.”

சாத்தினார். அந்த வருஷம் அவர் தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் செய்த முதல் காரியம் அது. திரும்பிவந்தபோது அக்கா படுத்திருந்தார். போர்வை கால் வரை எட்டவில்லை. இழுத்து மூடிவிட்டு, காலடியில் உட்கார்ந்தார். பாதம் சில்லென்று இருந்தது. பிடித்துவிடச் சொல்லி அக்கா கேட்கவில்லை, அவராகப் பிடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டார் என்று தெரிந்ததும் தம்பிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையைத் தேடினார், காணோம். தலையில் இருந்ததை எடுத்துக் கண்ணையும் மூக்கையும் அழுந்தத் துடைத்துக்கொண்டார். எல்லாத்துக்கும் போகும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அன்றைக்குத்தான் உண்மையாயிற்று.

இந்த இடத்தில் நிறுத்தினால், ஆள் திருந்திவிட்டார் என்று நீங்கள் நிம்மதியாக எழுந்துபோவீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் சிம்பிள்காரர்களை உங்களுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் விடுமுறை நாள் தவறாமல் அக்கா வீட்டுக்குப் போனார். அதைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை எடுத்துக் கொடுத்தார், கால் பிடித்துவிட்டார், திட்டு வாங்கினார். கைப்பிடிக் கண்ணாடியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. ஆனால் கடையில்? கடையில் அவர் காதை மூடிக்கொண்டு வந்து நின்றார். முதலாளி, “என்னங்க, காது வலியா?” என்று கேட்டார்.

“இல்ல சார். ஃபுல் டவுன். இப்போ இதுதான் லேட்டஸ்ட்.”

அப்படியே ஒரு விதம் கூடிவிட்டது. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தன் அக்காவுக்குப் பெரிய வியாதி வந்தது, அந்தம்மாள் மனசொடிந்து கண்ணாடியே பார்க்காமல் கிடந்தார், இவர்தான் போய் ஒரு சிம்பிளான தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டி, கண்ணாடியையும் காட்டி, தன்னம்பிக்கை கொடுத்து எழுப்பி உட்காரவைத்தார். சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியது. கொஞ்ச நாளில், அந்தக் கதையில் டாக்டர்களே இவரிடம் வந்து விசாரித்தார்கள்.

மருந்தெல்லாம் முடிந்து, அக்கா தேறினார். முடியும் வளர்ந்தது, குட்டையாக, முழு வெள்ளையாக, சுருள் சுருளாக. சிகிச்சைக்குப் பிறகு பார்வை கொஞ்சம் மாறியிருந்ததால் புதுக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. தம்பியிடம் சொல்லாமல் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, வரிசையில் உட்கார்ந்தார். நம்மவர் முதுகைக் காட்டிக்கொண்டு, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பிரேம் காட்டிக்கொண்டிருந்தார். கதை உச்சத்தில் இருந்தது.

“...அக்கா அழுதுட்டாங்க மேடம். ‘டேய், நீ மட்டும் வரலன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்டா’ன்னாங்க. என்ன பண்ணினேன்? ஒரு தொப்பி. அவ்வளவுதான். சிம்பிள்.”

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைமுடி அம்மாளிடம் திரும்பி, “கேட்டீங்களாம்மா? எவ்வளவு நல்ல தம்பி!” என்றாள்.

“கேட்டேன்” என்றார் அக்கா. “பாவம் அந்த அக்கா. வியாதியையும் தாங்கி இவரையும் தாங்கியிருக்காங்க. ரொம்பத் திடமான பொம்பளையா இருக்கணும்.”

நம்மவர் கையிலிருந்த பிரேம் கீழே விழுந்தது. திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. எதிர்ச்சுவர், பக்கச்சுவர், கவுண்டர் எல்லாவற்றிலும் அக்கா இருந்தார். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன நிக்கிற? காதுக்குப் பின்னால உறுத்தாம ஒரு கண்ணாடி வேணும். உனக்குத்தான் அந்த வேலை நல்லா வரும்னு சொன்னாங்க” என்றார் அக்கா.

நம்மவர் தொப்பியைக் கழற்றிக் கவுண்டருக்கு அடியில் வைத்துவிட்டு, கம்பியைச் சூடு காட்டி, அக்காவின் இரண்டு காதுக்கும் பின்னால் பதமாக வளைத்து உட்காரவைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒருவருக்கும் ஒரு யோசனையும் சொல்லவில்லை. மறுநாள்? மறுநாள் மறுநாள்தான். “தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிறதுதான் சார் இப்போ மரியாதை” என்று முதலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை. உங்களிடம் தொப்பியே கிடையாது. மிஞ்சிப்போனால் கைக்கடிகாரம் ஒன்று இருக்கலாம், அதன் கதையை யாருக்காவது சொல்லியிருக்கலாம். தோளில் ஒரு துணிப்பை, முகத்தில் மூன்று நாள் தாடி, ‘நான் இதையெல்லாம் பெருசா எடுத்துக்கிறதில்லை’ என்று ஒரு வாக்கியம், இருந்தாலும் தப்பில்லை. ஆனால் இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அச்சு அசல் அவரேதான் என்று சிரித்திருப்பீர்கள். அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று இப்போதே கை பரபரக்கிறது, இல்லையா? கொஞ்சம் சீக்கிரம் போங்கள். அவரும் இதைப் படித்துவிட்டார். நேற்றிலிருந்து உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.